8 கியர் ஹப்பு 5-ல வழுக்குது, கழட்டிட்டு சாதா கியர் போடச் சொல்றாங்க. போடணுமா?

குளுகோர் பையன்:

வணக்கம் அண்ணே அக்கா எல்லாருக்கும். போன வருசம் ஜப்பான் செக்கன்ஹேண்ட் சைக்கிள் ஒண்ணு வாங்கினேன், 26 இஞ்சு டயரு, முன்னால கூடை, மட்கார்டு, செயின் கவரு எல்லாத்தோடயும் வந்துச்சு, பின் சக்கரத்து நடுவுல ஷிமானோ நெக்ஸஸ் 8 கியர் ஹப்பு, வெளிய பல்லு அடுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் உள்ளுக்குள்ளயே. பினாங்குல குளுகோர்லருந்து பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு தினமும் இதுலதான் வேலைக்குப் போறேன், பாதித் தூரம் கடல் ஓரம், நைட் வேலை முடிஞ்சு காலையில திரும்புறப்ப மழை புடிச்சா நனைஞ்சுக்கிட்டேதான் வரணும். சிக்னல்ல நின்னுக்கிட்டே கியரைக் குறைச்சு வெச்சுட்டு பச்சை விழுந்ததும் மிதிக்கலாம் பாருங்க, பின்னால மோட்டாரெல்லாம் உறுமிக்கிட்டு நிக்கிறப்ப அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு ஓட்டுறவங்களுக்குத்தான் தெரியும், அதுக்காகவே இந்தச் சைக்கிள் எனக்கு ரொம்பப் புடிக்கும்.

இப்ப கொஞ்ச நாளா பிரச்சினை. 4-லருந்து 5-க்குப் போட்டா பெடல் சும்மா சுத்திட்டு அப்புறம் டக்குனு புடிக்குது, நின்னு மிதிச்சா பயமா இருக்கு, கால் நழுவி முழங்கால் ஹேண்டில்ல போய் இடிச்சிடுச்சு. அதோட 1-லருந்து 4 வரைக்கும் கரகரன்னு ஒரு சத்தம், 5-க்கு மேல அந்தச் சத்தம் இல்ல. வீட்டுப் பக்கத்துல ஒரு கடையில காட்டினேன், அவங்க கேபிளைக்கூடத் தொட்டுப் பாக்கல, இதெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது லா, ஸ்பேரும் கிடைக்காது, சக்கரத்தோட தூக்கிட்டு சாதா 7 கியர் போட்டுத் தர்றோம், 350 வெள்ளின்னு சொல்லிட்டாங்க. மனசு வரல. வெச்சுக்கிட்டா எப்படிப் பாத்துக்கணும், பஞ்சர் ஆனா அந்தச் சக்கரத்தை எப்படிக் கழட்டுறதுன்னும் தெரியல. புக்கிட் ஜம்புல் மேட்டுல 1-லயும் மூச்சு வாங்குது, அதுக்கும் வழி இருந்தா சொல்லுங்க.

ஜெலுத்தோங் ஸ்பேனர்:

தம்பி அவசரப்பட்டு மாத்தாதீங்க. வழுக்குறதும் கரகரப்பும் வேற வேற விசயம், தனித்தனியாப் பாக்கணும். வழுக்குறதுக்கு பெரும்பாலும் கேபிள்தான் காரணம், அதைச் சரி பண்ண ஒரு காசு செலவில்ல.

முதல்ல கியரை 4-ல வைங்க. சக்கரத்தோட வலது பக்கம், பின் பல்சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல கேபிள் வந்து சுத்துற ஒரு வட்டமான பிளாஸ்டிக் சாமான் இருக்கும், கேசட் ஜாயிண்ட்டுன்னு பேரு. அதுல ரெண்டு மஞ்சக் கோடு தெரியும், ஒண்ணு நகராத பகுதியில, இன்னொண்ணு சுத்துற பகுதியில. அழுக்கு மூடியிருந்தா பழைய டூத் பிரஷ் வெச்சுத் தேய்ங்க, டார்ச் அடிச்சுப் பாருங்க. 4-ல இருக்குறப்ப ரெண்டு கோடும் நேருக்கு நேரா நிக்கணும். தள்ளி நின்னா கைப்பிடியில கியர் சுவிட்சுலருந்து கேபிள் வெளிய வர்ற இடத்துல ஒரு திருகு இருக்கு, அதைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பி நேராக்குங்க. அப்புறம் 1-க்குக் கொண்டு போயி மறுபடியும் 4-க்கு வந்து பாக்கணும், இதை விட்டுடாதீங்க, ஏன்னா கேபிள் உறைக்குள்ள துரு இருந்தா ஒவ்வொரு தடவையும் கோடு ஒவ்வொரு இடத்துல வந்து நிக்கும். அப்படி நின்னா எவ்ளோ திருகினாலும் பிரயோசனம் இல்ல, உறையோட சேர்த்து கேபிள் புதுசு போடணும். கடல் காத்து படுற ரூட்டுல போறவங்களுக்கு இது சீக்கிரமே வரும். புதுக் கேபிள் போடுறப்ப உறை முடியுற இடத்துலருந்து 101 மில்லிமீட்டர்ல கேபிளைப் புடிக்கிற சின்ன போல்ட்டைக் கடிக்க வைக்கணும், ஷிமானோ குடுத்த அளவு அது, கண்ணளவுல வேணாம், ஸ்கேல் வெச்சு அளங்க.

ஏன் 4-ல பாக்கச் சொல்றாங்க, ஏன் 5-ல வழுக்குதுன்னு சொல்றேன், இது தெரிஞ்சா ஹப்பு மேல பயமே போயிடும். உள்ள ரெண்டு செட்டு பல்சக்கரம் இருக்கு. ஒரு செட்டு வேகத்தைக் குறைக்கிறது, நீங்க பெடல்ல குடுக்குற சுத்தை 0.527 மடங்காக்கும். இன்னொரு செட்டு கூட்டுறது, அதுல 1.223, 1.419, 1.615-ன்னு மூணு படி. 5-வது கியர்ல ரெண்டு செட்டும் வேலை செய்யாது, பின் பல்சக்கரம் ஒரு சுத்துன்னா டயரும் ஒரு சுத்து, நேரடி. 6, 7, 8 கூட்டுற செட்டு மட்டும். 1-ல குறைக்கிற செட்டு மட்டும், 2, 3, 4-ல ரெண்டும் சேர்ந்து ஓடும், 0.527-ஐ 1.615-ஆல பெருக்கிப் பாருங்க, 0.851 வரும், அதுதான் 4-வது கியர். அப்ப 4-லருந்து 5-க்குப் போறப்ப ரெண்டு செட்டும் ஒரே நேரத்துல விடணும், ஹப்புக்குள்ள நடக்குற பெரிய மாத்தம் அதுதான், கேபிள் துளி தள்ளியிருந்தாலும் முதல்ல அங்கதான் காட்டும். பாதி புடிச்சும் புடிக்காமலும் இருக்குறப்ப மேல ஏறி மிதிச்சா உள்ள பல்சக்கரத்தைப் புடிக்கிற சின்ன நாக்கோட முனை மழுங்கிடும், அப்படியே ஓட்டிக்கிட்டிருந்தா நிசமாவே ஹப்பு போயிடும். அதனால இன்னைக்கே பாருங்க, நாளைக்கு வேலைக்கு அதை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால.

கியர் மாத்துற அந்த நொடி மட்டும் கால்ல அழுத்தத்தை விட்டுடுங்க, மிதிக்கிறத நிறுத்தணும்னுகூட இல்ல, பலத்தைக் குறைச்சாப் போதும். மேட்டுல பாதியில போயிக்கிட்டிருக்கப்ப முழு எடை போட்டுக்கிட்டே சுவிட்சைத் திருகுறதுதான் இந்த ஹப்புகளைக் கொல்லுது.

1-லருந்து 4 வரைக்கும் மட்டும் சத்தம்னு சொன்னீங்க பாருங்க, மேல சொன்ன கணக்கு வெச்சுப் பாத்தா அந்த நாலு கியர்லயும் பொதுவா ஓடுறது குறைக்கிற செட்டுதான். அது காஞ்சு போயிருக்கும்னு நினைக்கிறேன். கோட்டை முதல்ல சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

குளுகோர் பையன்:

அண்ணே ரொம்ப நன்றி. கோடு நல்லாவே தள்ளி நின்னுச்சு, திருகி நேராக்கினேன், 1-க்குப் போயிட்டு வந்தாலும் அதே இடத்துல வந்து நிக்குது. நெடுக ஓட்டிப் பாத்தேன், 5-ல வழுக்கவே இல்ல! கடைக்காரங்க சொன்னதைக் கேட்டு தூக்கிப் போட்டிருந்தா எவ்ளோ நஷ்டம்.

ஆனா கரகரப்பு அப்படியேதான் இருக்கு. வலது பக்கம் கேசட் ஜாயிண்ட்டைச் சுத்தி துணி வெச்சுத் துடைச்சேன், செம்மண் கலர்ல ஈரமா வந்துச்சு. உள்ள தண்ணி போயிருக்குமா? நம்ம பக்கம் திடீர் வெள்ளத்துல ஒரு தடவை சக்கரம் பாதி முங்குற அளவுக்குத் தண்ணிக்குள்ளயே ஓட்டிட்டு வந்தேன்.

செந்தூல் அக்கா:

தம்பி, தண்ணி போயிருக்கும். இந்த ஹப்பு மழை தாங்கும், தண்ணிக்குள்ள முங்குனா தாங்காது. வெயில்ல ஓடிச் சூடா இருக்குற ஹப்பு திடீர்னு குளிர்ந்த தண்ணியில இறங்குனா உள்ள இருக்குற காத்து சுருங்கும், சுருங்குறப்ப ரப்பர் ஓரமா வெளியில இருக்குற தண்ணிய உள்ள இழுத்துக்கும். அதனால தண்ணி அச்சு உயரத்துக்கு வந்துடுச்சுன்னா இறங்கித் தூக்கிக்கிட்டு நடந்துடுங்க. அதே மாதிரி கார் கழுவுற ஸ்னோவாஷ் கடையில சைக்கிளையும் சேர்த்து அடிக்கச் சொல்லாதீங்க, அந்தப் பிரஷர் தண்ணி நேரா ஹப்பு ஓரத்துல அடிச்சா உள்ள இருக்குற கிரீஸெல்லாம் கழுவிட்டுப் போயிடும். வாளித் தண்ணியும் துணியும் போதும். துரு எடுக்குற ஸ்பிரேயையும் ஹப்பு இடுக்குல அடிக்காதீங்க, நான் பாத்தவங்கள்ல பாதிப் பேரு அதை மருந்துன்னு நினைச்சு அடிக்கிறாங்க, அது கிரீஸைக் கரைச்சு விட்டுடும்.

நான் கோலாலம்பூர்ல இருக்கேன், என்னோடது பிராம்ப்டன் மடக்கு சைக்கிள், 3 கியர் ஹப்பு, ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி செஞ்சது. மழை வந்தா மடக்கி எல்ஆர்டி ரயில்ல ஏறிடுவேன், இல்லன்னா மிட் வேலியிலருந்து டாயாபூமி பக்கம் போற அந்தச் சைக்கிள் பாதை. அந்தப் பாதையில சில இடத்துல மோட்டார் ஏறி வருது, அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இங்க இடம் பத்தாது. என்னோட ஹப்புல மஞ்சக் கோடு கிடையாது, அச்சு முனையிலருந்து ஒரு சின்னச் சங்கிலியும் கம்பியும் வெளிய வரும், 2-வது கியர்ல அந்தக் கம்பியோட தோள்பட்டை அச்சு முனைக்குச் சமமா இருந்தா சரி. பாக்குறது வேற, விசயம் ஒண்ணுதான்.

பஞ்சருக்குச் சொல்றேன். ரோட்டுல பஞ்சர் ஆனா சக்கரத்தைக் கழட்டவே வேணாம். சைக்கிளைச் சாய்ச்சு வெச்சு, டயர்ல ஒரு பக்கம் மட்டும் நெம்பி எடுத்து, டியூபை அந்தப் பக்கமா வெளிய இழுங்க, ஓட்டை இருக்குற இடம் வெளிய வந்தாப் போதும், தேய்ச்சு ஒட்டிட்டு உள்ள தள்ளிடலாம். டயர்ல குத்துன முள்ளோ கம்பியோ இன்னும் இருக்கான்னு உள்பக்கம் விரலால தடவிப் பாத்துட்டு மூடுங்க. நம்ம ஊர் ரோட்டுல லோரி டயர் வெடிச்சு சிதறுற மெல்லிசுக் கம்பிதான் ஜாஸ்தி, கண்ணுக்கே தெரியாது. டியூபே மாத்தணும்னாத்தான் கழட்டணும், அதை ஒரு லீவு நாள்ல வீட்டுல ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்க, அப்புறம் இருட்டுல நடுரோட்டுல செஞ்சாலும் கை நடுங்காது.

உங்க நெக்ஸஸுக்கு கியரை 1-ல வைங்க, அப்பதான் கேபிள் லூசா இருக்கும். கேபிள் உறையை அது மாட்டியிருக்குற இடத்துலருந்து வெளிய இழுங்க. கேசட் ஜாயிண்ட்டுல சுத்துற பகுதியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல 2 மில்லி ஆலன் கீ விட்டுச் சுத்துனா கேபிள் போல்ட்டு தானா வெளிய வந்துடும். அப்புறம் ரெண்டு பக்கமும் 15 நம்பர் நட்டு. ஒரு சின்ன ஸ்பேனர் பையில எப்பவும் இருக்கட்டும்.

பட்டர்வொர்த் பெரியவர்:

நல்ல விசயம் பேசுறீங்க புள்ளைங்களா. எங்க அப்பா தோட்டத்துல கிராணியா, அதாவது கிளார்க்கா இருந்தாரு, அவரோட ராலி சைக்கிள் இன்னும் என்கிட்ட ஓடுது, அதுல ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ மாடல் 3 கியர். ஹப்பு மேல துணியால அழுத்தித் துடைச்சா எழுத்துக்குப் பக்கத்துல 58-ன்னு குத்தியிருக்குறது தெரியும், 1958-ல செஞ்சதுன்னு அர்த்தம், அவங்க ஹப்புல எல்லாம் வருசம் போட்டிருப்பாங்க. 1902-ல நாட்டிங்ஹாம்ல ஆரம்பிச்ச கம்பெனி, 2000-ல தைவான் சன்ரேஸ் வாங்கிடுச்சு, இப்பவும் அங்க செய்றாங்க, உள் சாமானெல்லாம் இன்னும் கிடைக்குது. ஸ்பேர் கிடைக்காதுன்னு சொல்றவங்க தேடிப் பாக்காதவங்க.

அந்தக் காலத்து ஹப்புல எண்ணெய் விடுறதுக்கே ஒரு சின்ன மூடி இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு மூணு சொட்டு மெல்லிசு எண்ணெய் விடுவோம், அவ்ளோதான் வேலை. தேங்காய் எண்ணெய் விட்டவங்களும் உண்டு, உள்ள போயி பசையாட்டம் இறுகி நாக்கெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும், அதைக் கழுவி எடுக்க நாள் முழுக்க ஆகும். ஏடபிள்யூல 2-க்கும் 3-க்கும் நடுவுல எதுவும் புடிக்காத ஒரு இடம் வேற இருக்கு, கேபிள் தளர்ந்தா பெடல் சும்மா சுத்தி ஆளைக் கீழ தள்ளிடும், அதனால கேபிளைப் பாக்குறது அப்பவே முதல் பாடம். தம்பியோட நெக்ஸஸ்ல எண்ணெய் மூடி இல்ல, கிரீஸ் போட்டு மூடுனது, அதனால எங்க பழக்கத்தை அதுல காட்டாதீங்க. திறந்துதான் பாக்கணும்.

ரெலாவ் ரைடர்:

எல்லாரும் ஹப்பு கியரையே சொல்றீங்க, நான் வேற பக்கத்தையும் சொல்லிடுறேன். நான் பாயா தெருபோங் மேடு ஏறி ஆயர் ஈத்தாம் போறவன், எனக்கு சாதா கியர்தான் சரி. எடை கம்மி, எந்தக் கடையிலயும் சாமான் கிடைக்கும், மேட்டுக்குப் பெரிய பல்லு போட்டுக்கலாம். பின்னால ரோலர் பிரேக், அதாவது ஹப்பு பக்கத்துல மூடியிருக்குற பிரேக் இருக்குற ஜப்பான் சைக்கிள்ல நீளமான இறக்கத்துல புடிச்சுக்கிட்டே இறங்குனா பிரேக் சூடாகி புடிமானம் குறையும், அதையும் யோசிங்க. குளுகோர்லருந்து பாயான் லெப்பாஸ் சமதரைதான், அதுக்கு ஹப்பு கியர் நல்லதுன்னு ஒத்துக்கிறேன், செயின் கவரோட ஓட்டலாம், பேண்ட்டுல கறை படாது. ஆனா தினமும் மேடு ஏறுறவங்க இந்தத் திரெட்டைப் படிச்சுட்டு ஓடிப்போயி வாங்கிடாதீங்க.

ஜெலுத்தோங் ஸ்பேனர்:

ரெலாவ் அண்ணே சொல்றது நியாயம், பாயா தெருபோங் மேட்டுக்கு நானும் இதைச் சொல்ல மாட்டேன். ரோலர் பிரேக்குல கிரீஸ் விடுறதுக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும், பிரேக் புடிச்சா கீச்சுன்னாலோ வெடுக்குன்னு புடிச்சாலோ அதுல ரோலர் பிரேக்குக்குன்னே விக்கிற கிரீஸ் விடணும், சாதா கிரீஸ் சூட்டுல உருகி ஓடிடும்.

தம்பி, இப்ப உங்க கரகரப்பு. செம்மண் கலர்னா உள்ள துரு ஆரம்பிச்சிருக்கு, தள்ளிப் போடாதீங்க. ஷிமானோ சொல்றது, புதுசுல 1,000 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை, அப்புறம் 2 வருசத்துக்கு ஒரு தடவை, நிறைய ஓட்டுறவங்க 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை உள் செட்டை எடுத்துப் பாக்கணும்னு. செக்கன்ஹேண்ட்ல வந்த சைக்கிளை ஜப்பான்ல யாரும் திறந்தே பாத்திருக்க மாட்டாங்கன்னு வெச்சுக்கிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கணும்.

வேலை இப்படி. சக்கரத்தைக் கழட்டி, கேசட் ஜாயிண்ட்டை எடுத்து, இடது பக்கம் பிரேக், லாக் நட்டு, பேரிங்கை அழுத்திப் புடிக்கிற கோன் எல்லாத்தையும் வரிசையா ஒரு துணி மேல வெச்சுப் போட்டோ எடுத்துக்குங்க. அப்புறம் வலது பக்கமா முழு செட்டும் ஒரே துண்டா வெளிய வந்துடும், அதுக்கு மேல பிரிக்காதீங்க, பிரிக்கத் தேவையும் இல்ல. பழைய கிரீஸையும் துருவையும் துடைச்சுட்டு ஷிமானோவோட ஹப்பு எண்ணெய்ல இடது முனை கீழ இருக்குற மாதிரி, பெரிய வளையம் முங்குற வரைக்கும் இறக்கி 90 விநாடி வைங்க, தூக்கி 60 விநாடி முறுக்கு எடுக்குற மாதிரி எண்ணெய் வடிய விடுங்க. அந்த எண்ணெயையே மூடி வெச்சுக்கிட்டு மறுபடியும் பயன்படுத்தலாம், கூட்டாளிங்க ரெண்டு மூணு பேரு சேர்ந்து ஒரு போத்தல் வாங்குனா செலவு பெருசாத் தெரியாது. சில பேரு லோரி கியர் எண்ணெயை ஊத்துவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ரப்பர் சீலுக்கு ஒத்துக்குமான்னு பாக்காம ஊத்துறது தப்பு. பேரிங்குக்குக் கிரீஸ் வெச்சு மூடுங்க, இடது கோனை ஆட்டம் இல்லாம, ஆனா இறுக்கமும் இல்லாம விடணும், அச்சை விரல்ல சுத்துனா கல்லு மாட்டாம வழுவழுன்னு சுத்தணும். நீங்க செய்யத் தயங்குனா ஜப்பான் சைக்கிள் மட்டும் விக்கிற கடைங்க இருக்கு, அவங்களுக்கு இது பழகுன வேலை, போறப்பவே உள் செட்டை எண்ணெய்ல முக்கித் தருவீங்களான்னு கேளுங்க. பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சுடும்.

திரும்ப மாட்டுறப்ப நட்டுக்கு அடியில கலர் கலரா ரெண்டு வாஷர் இருக்கும், ஒரு பக்கம் மஞ்ச, ஒரு பக்கம் பழுப்புன்னு உங்க ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி. வலது வலதுலயும் இடது இடதுலயும்தான் போகணும், அதுல இருக்குற நாக்கு ஃப்ரேம்ல அச்சு உக்கார்ற காடிக்குள்ள உக்காரணும். அச்சு சுத்தாமப் புடிக்கிறதே அந்த வாஷர்தான், மாத்திப் போட்டா மஞ்சக் கோடு நேரா இருந்தாலும் கியர் வழுக்கும். நட்டு 30-லருந்து 45 நியூட்டன் மீட்டர், இறுக்கத்தை அளக்குற டார்க் ஸ்பேனர் இல்லன்னா ஒரு தடவை கடையில இறுக்கச் சொல்லி அந்த இறுக்கம் எப்படின்னு கையில பாத்துக்குங்க. செயின் நடுவுல விரலால தூக்குனா 1 சென்டிமீட்டர் அளவுக்கு ஆடணும், கம்பியாட்டம் விறைச்சா பேரிங் தேயும், தொங்குனா கழண்டுடும்.

மேட்டுக்கு ஒரு வழி இருக்கு. உங்க முன் பல்லும் பின் பல்லும் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. முன்னால 38 பின்னால 18-ன்னா 2.11, 1-வது கியர்ல அதை 0.527-ஆல பெருக்குனா 1.11, அதாவது பெடல் ஒரு சுத்து சுத்துனா டயர் ஒரு சுத்துக்குக் கொஞ்சம் மேல. பின்னால 20 போட்டா 1.9 ஆகும், 1-வது கியர்ல சரியா 1-க்கு வந்துடும், புக்கிட் ஜம்புல்ல அது நல்லாவே தெரியும். அதுக்கும் கீழ போக வேணாம், ஷிமானோ 2-ஐ ஒட்டித்தான் வெச்சுக்கச் சொல்றாங்க, ரொம்பக் குறைச்சா ஹப்புக்குள்ள போற பலம் கூடிடும். பின் பல்சக்கரம் ஒரு வளையக் கிளிப்புலதான் நிக்குது, தட்டை ஸ்குரூடிரைவரால நெம்புனா வந்துடும், கண்ணுல பட்டுடாம பாத்துக்குங்க. ரெண்டு பல்லு கூடுனா அதே செயினுக்கு சக்கரம் 6 மில்லி முன்னால நகரும், உங்க ஃப்ரேம் காடியில அவ்ளோ இடம் இருந்தா செயின்கூட வாங்க வேணாம். உள் செட்டை எடுக்குற அன்னைக்கே இதையும் மாத்திட்டா ஒரே வேலையா முடிஞ்சுடும், பல்லு எண்ணிட்டு இங்க போடுங்க, எந்த வளைவுல வாங்கணும்னு நான் பாத்துச் சொல்றேன், தட்டையா ஒண்ணும் உள்ள வளைஞ்சு ஒண்ணும் விக்கிறாங்க, தப்பா வாங்குனா செயின் கவர்ல உரசும்.